முப்பத்தைந்து சதுரமும் ஒரு கோணி ஊசியும்

எதிர் வீட்டு பிலோமினா அக்காள் அலறிய அலறலில் மதிற்சுவரில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்துவிட்டது. நான் பறக்கவில்லை. பறக்கத் தெரிந்திருந்தால் அன்றைக்குக் காசிமேட்டைத் தாண்டி எண்ணூர் வரைக்கும் நிற்காமல் போயிருப்பேன்.

"அடப்பாவி சவரி! இன்னாடா பண்ணி வச்சிகிறே? ஊசி போட்டுட்டியேடா!"

என் கையில் சணல் கயிறு. கயிற்றில் முப்பத்தைந்து துணிச் சதுரங்கள். ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து, ஈரம் சொட்டச் சொட்ட, விளக்குக் கம்பத்திலிருந்து எங்கள் வீட்டு ஜன்னல் வரைக்கும் இழுத்துக் கட்டியிருந்தேன். கடல் காற்றில் அத்தனையும் படபடவென்று அடித்துக்கொண்டன. மாதா திருவிழாத் தோரணம் மாதிரி இருந்தது. ஒரு நிமிடத்துக்கு முன்னால் வரை, 'சவரி, உனக்கும் மூளை இருக்கிறதடா' என்று நானே என்னை மெச்சிக்கொண்டு நின்றேன்.

கயிற்றின் நுனியில் கோணி ஊசி தொங்கிக்கொண்டிருந்தது. விரலை விட நீளம். அதைப் பார்த்தேன். பிலோமினா அக்காள் முகத்தைப் பார்த்தேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள். அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. 

அந்த அலறல் எதற்கு என்று சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பயப்படாதீர்கள். பல் பிடுங்கிய கதையை இந்தப் பத்திரிகையில் மூன்று வாரம் இழுத்தேனே, அப்படி இழுக்க மாட்டேன்.

மெட்ராசில் எதற்கு ரஜாய்?

வெயிலுக்குப் பேர்போன ஊரில் ரஜாய் எதற்கு என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம். எங்கள் தெருவில் ரஜாய் என்பது போர்த்திக்கொள்கிற சமாசாரம் இல்லை. பச்சைப் பிள்ளையைக் கிடத்துகிற சமாசாரம். ஐப்பசி, கார்த்திகை வந்தால் ராயபுரத்துச் சிமெண்டுத் தரை வியர்க்கும். கடலை வீட்டுக்குள் கூப்பிட்டுப் படுக்க வைத்தது போல இருக்கும். அதில் பிள்ளையைப் போட முடியாது. அதனால் பழந்துணிகளைச் சதுரம் சதுரமாக இணைத்து, உள்ளே ஒரு பழைய கம்பளியை வைத்து, கனமாகத் தைத்து விரிப்பார்கள்.

அதற்கு ஒரு முறை உண்டு. புதுத் துணி கூடாது. பிள்ளைகள் நோய் நொடியில்லாமல் வளர்ந்த ஏழு வீடுகளில் கேட்டு வாங்க வேண்டும். வாங்கியதைச் சோடா உப்பு போட்டுக் கொதிக்க வைத்து, கஞ்சியும் அழுக்கும் போக அலசி, சாயம் போகிறதா என்று பார்த்து, காயவைத்து, வெட்டி, இஸ்திரி போட்டு அடுக்கி வைக்கலாம்.

அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிள்ளை பிறந்து அழுகிற சத்தம் கேட்கும் வரைக்கும் அந்தத் துணியில் ஊசி இறங்கக் கூடாது.

இறங்கினால் என்ன ஆகும்? அதை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள்.

நான் கேட்டு வாங்கிய ஏழு துணிகளில் ஒரு வேட்டி, மூன்று புடவை, ஒரு பாவாடை, ஒரு மேசை விரிப்பு, ஒரு சிவப்பு லுங்கி. லுங்கிக்காரர் அதை இடுப்பில் கட்டிக்கொண்டே, "நாளைக்கி வந்து வாங்கிக்க" என்றார். ஒரு மாதம் நாளைக்கு நாளைக்கு என்று அலைந்தேன். அவருக்கு ஒன்பது பிள்ளைகள், ஒன்பதும் கல்லுக் குண்டு. அந்த லுங்கியை விட முடியுமா?

பெட்டிக்குள் இருந்த சட்டை

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் எங்களுக்கு ஓர் ஆண் பிள்ளை பிறந்து மூன்று நாள் இருந்தது. இந்தத் தொடரில் அதைப் பற்றி நான் எழுதியதில்லை. என் கைக்கு அது வராது. இப்போதும் நான்கு வரிக்கு மேல் எழுதப் போவதில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, என் மனைவி ஸ்டெல்லாவின் தகரப் பெட்டியில் ஒரு சின்னச் சட்டை இருப்பதைப் பிலோமினா அக்காள் பார்த்துவிட்டாள். இரண்டு உள்ளங்கை அகலம். கையால் தைத்தது. தெருவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. "வயித்துல இருக்கசொல்லவே தச்சி வச்சிக்கிறா. அதான்." ஸ்டெல்லா அதை மறுக்கவில்லை. நானும் அவளிடம் கேட்கவில்லை.

இப்போது அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். எட்டாம் மாதம். ஏழு வீட்டுத் துணியும் வந்து சேர்ந்த அன்று மூட்டையை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"என்னால இதத் தொட முடியாதுயா. பாத்தாலே என்னமோ ஆவுது. நீயே பண்ணு. ஒண்ணு மட்டும் மறந்துடாத. தொவச்சிட்டு வெட்டு. வெட்டிட்டுத் தொவைக்காத."

"இதுகூடத் தெரியாதா எனக்கு?" என்றேன்.

தெரியாது.

வெட்டிவிட்டுத் துவைத்தவன்

நான் துறைமுகத்தில் கோணி தைக்கிறவனாக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் கோதுமை மூட்டை எங்கேயாவது கிழிந்தால், கொட்டுவதற்குள் ஓடிப் போய் நாலு இழுப்பு இழுத்து மூட வேண்டும். ஊசி எப்போதும் சட்டைக் காலரில் செருகியிருக்கும். சணல் இடுப்பில் சுற்றியிருக்கும். தூக்கத்தில் யாராவது 'கிழிஞ்சிடுச்சு' என்று சொன்னால் போதும், கை காலருக்குப் போய்விடும்.

அன்று கப்பல் இல்லை, வேலை இல்லை. ஸ்டெல்லா ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்குப் போயிருந்தாள். மூன்று மணி பஸ்ஸில் வருவாள். அதற்குள் முடித்து அடுக்கி வைத்து அவளை அசத்திவிடலாம் என்று உட்கார்ந்தேன். முழுப் புடவையை டின்னுக்குள் திணித்துக் கிளறுவதை விட, சின்னச் சின்னதாக வெட்டிப் போட்டால் சுலபமாக வேகும் என்று என் மூளைக்குப் பட்டது. கறிகாய் அப்படித்தானே? ஓர் அட்டையை ஒரு சாண் அளவுக்கு நறுக்கி, அதை வைத்து முப்பத்தைந்து சதுரம் வெட்டினேன். மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் கொதித்தது. கொட்டினேன்.

சாயம் பார்க்க வேண்டுமென்று பிறகுதான் ஞாபகம் வந்தது. லுங்கித் துண்டை மட்டும் குச்சியால் அவசர அவசரமாக மீன் பிடிப்பது போலப் பிடித்தெடுத்து, சோதிக்க வெள்ளைத் துணி தேடினேன். கைக்குக் கிடைத்தது நான் போட்டிருந்த பனியன்தான். சூடு ஆறியதும் நெஞ்சில் வைத்து அழுத்தினேன். எடுத்தபோது நெஞ்சில் ரத்தச் சிவப்பாக ஒரு சதுரம். கத்திக்குத்து வாங்கியவனைப் போல இருந்தேன். நல்ல வேளை, மற்ற துணிகளில் லேசான ரோஸ் நிறம்தான் ஏறியிருந்தது. பெண் பிள்ளையாக இருந்தால் பொருந்தும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

அடுத்தது காயவைப்பது. எங்கள் தெருவில் அது பெரிய சாஸ்திரம். காலையில் மேற்கே பேசின் பிரிட்ஜ் பக்கமிருந்து காற்று வரும். அதில் கரித்தூள் வரும். வெள்ளைத் துணி மிளகு தூவிய மாதிரி ஆகிவிடும். மதியத்துக்கு மேல் கடல் காற்று திரும்பும். அதில் கருவாட்டு வாசனை வரும். கரியும் இல்லாமல் கருவாடும் இல்லாமல் துணி காய நடுவில் ஒரு மணி நேரம் கிடைக்கும். தெருப் பெண்கள் அத்தனை பேரும் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் கொடிக்கயிற்றில் சண்டை போடுவார்கள்.

நான் அலசி முடித்து வெளியே வந்தபோது காற்று திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு சாண் துணியைக் கொடியில் போட்டால் நிற்குமா? முதல் சதுரம் பறந்து சாக்கடை ஓரம் விழுந்தது. இரண்டாவது சைக்கிளில் போனவர் முதுகில் ஒட்டிக்கொண்டு கல்மண்டபம் பக்கம் கிளம்பியது. துரத்திப் பிடித்து வந்தேன். மூன்றாவது பறக்கும்போது கை, ஜன்னலில் தொங்கிய என் சட்டையின் காலருக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் யோசித்ததாக ஞாபகமில்லை. ஊசி, சணல், துணி. சரக் சரக் சரக். கப்பல்துறையில் என் கைக்கு நல்ல பேர் உண்டு. முப்பத்தைந்தும் கோத்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

இன்னா மீனு?

"உருவிடறேங்கா" என்று கயிற்றைப் பிடித்தேன்.

"தொடாதே!" பிலோமினா அக்காள் என் கையில் அடித்தாள். "உருவினா இன்னும் தப்பு. உள்ள போனத வெளிய எடுக்கறதுக்கு ஒரு மொற கீது."

"இன்னா மொறக்கா?"

"அது எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சவங்க யாரு?"

"தையக்காரனைக் கேளு. உபதேசியாரைக் கேளு. என்னை ஏன் கேக்கறே? நா யார்ட்டயும் சொல்ல மாட்டேன் நைனா. ஸ்டெல்லாவாண்ட மூச்சு வுட மாட்டேன்."

அவள் சொன்ன தோரணையிலேயே தெரிந்தது, ஸ்டெல்லா பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

கயிற்றை அவிழ்த்தேன். சுருட்டி வாளிக்குள் போட்டேன். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்தேன். பனியனில் சிவப்புச் சதுரத்தோடு, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சட்டை போட மறந்தது பாதி வழியில்தான் தெரிந்தது.

ராயபுரத்தில் மூடிய வாளியோடு ஒருவன் ஓடினால் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்.

"இன்னா மீனு சவரி?"

"மீன் இல்ல."

"நெஞ்சுல ரத்தம் கீது, மீன் இல்லங்கிறான் பாரு. சுறாவா?"

நான்காவது ஆளிடம் "ஆமா, சுறா" என்று ஒப்புக்கொண்டேன். அவர் பங்கு கேட்டுக்கொண்டே கொஞ்ச தூரம் கூடவே வந்தார்.

முடிச்சா, சிக்கா?

மஸ்தான் பாய் எங்கள் தையற்காரர். மிஷினை நிறுத்தாமலே என் கதையைக் கேட்டார்.

"முடிச்சு போட்டியா?"

"இன்னா பாய்?"

"நூல் முனைல முடிச்சு. முடிச்சு போடாதது தையலே இல்ல. இஸ்தா கையோட வந்துடும். முடிச்சு போட்டா அது தையல். அவ்ளதான் சட்டம்."

எனக்கு உயிர் வந்தது. உடனே போய்விட்டது. முடிச்சு போட்டேனா? கோணி தைக்கும்போது முடிச்சு போடாமல் நான் விட்டதே இல்லை. ஆனால் இது கோணி இல்லையே? கண்ணை மூடி யோசித்தேன். போட்டது மாதிரி இருந்தது. போடாதது மாதிரியும் இருந்தது.

வாளியைத் திறந்து காட்டினேன். ஈரச் சணல் சுருண்டு, முறுக்கி, நுனியில் உருண்டையாக ஏதோ ஒன்று. பாய் மிஷினை நிறுத்தினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கிட்டே வைத்துப் பார்த்தார், தூர வைத்துப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார்.

"இது முடிச்சா, சிக்கா?"

"நீங்கதானே பாய் சொல்லணும்!"

"நாப்பது வருசமா தச்சிகினு கீறேன். இப்படி ஒரு பேஜாரு பாத்ததில்ல. நீ போய் உங்க கோயில்ல கேளு. எனக்கு மூணு ஜிப்பா கீது."

மாதா கோயில் அலுவலறையில், வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். வாளியோடு போய் நின்றேன். பாதிதான் சொன்னேன், மேசையில் அடித்தார்.

"மூடநம்பிக்கை! ஞானோபதேசத்துல இதுதான் படிச்சியா? உயிரைக் கொடுக்கறது ஆண்டவர். ஊசியா கொடுக்குது, எடுக்குது? போ, வெளியே போ!"

அப்பாடா என்று திரும்பினேன். வாசற்படி தாண்டவில்லை.

"சவரி, இங்க வா." குரல் இறங்கியிருந்தது. "சின்ன ஊசியா, கோணி ஊசியா?"

"கோணி ஊசிங்க."

"ம்..." தாடையைத் தடவினார். "எந்தக் கிழமை?"

"இன்னிக்கி, வெள்ளிக்கிழமைங்க."

"ம்ம்..." மறுபடி தடவினார்.

"என்னங்க? ஏன் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. என் சம்சாரம் கேப்பா. அதுக்குத்தான்."

வெளியே வந்தபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. முடிச்சு இருந்தால் தையல், இல்லாவிட்டால் இல்லை. ஆண்டவர் பார்த்துக்கொள்வார், ஆனால் வெள்ளிக்கிழமை 'ம்ம்'. உருவினால் தப்பு, உருவாமல் விட்டாலும் தப்பு. என்னை இரண்டு கேள்விதான் குடைந்தன. இந்தப் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிடுமா? ஆகிவிட்டால், காரணம் நானா?

அப்போதுதான் மூன்று மணி பஸ் வந்து நின்றது.

பஸ்ஸிலிருந்து இறங்கியவள்

ஸ்டெல்லா கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். என்னைப் பார்த்தாள். பனியனைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள்.

"இன்னா மீனுயா?"

"சங்கரா" என்றேன். இது வரைக்கும் சொன்ன பொய்யில் எனக்கே பிடிக்காத பொய் அதுதான்.

தட்டைத் தூக்கிப் பார்த்தாள். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து மேலே இழுத்தாள். ஒரு சதுரம் வந்தது, இரண்டு வந்தது, மூன்றாவதோடு ஊசி வந்தது.  தட்டால் வாளியை மூடினாள். வீட்டைப் பார்த்து நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றுகொண்டிருந்தது. பிலோமினா அக்காள் தன் வாக்கை எத்தனை நேரம் காப்பாற்றினாள் என்று அதிலேயே தெரிந்தது.

வீட்டுக்குள் போனதும் கதவைச் சாத்தினாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் வரிசையாக ஒப்பித்தேன், காற்று, சைக்கிள்காரர், பாய், முடிச்சு, சிக்கு, வெள்ளிக்கிழமை. நடுவில் அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகு சொன்னாள். "மொதப் புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி நா ஒண்ணுமே தைக்கலய்யா."

"அந்தச் சட்ட?"

"புள்ள போன அன்னிக்கி தச்சது. ஆஸ்பத்திரில நர்ஸம்மாவாண்ட ஊசி நூலு வாங்கி, என் பொடவ முந்தானைய கிழிச்சி. சும்மா ஒரு துணில சுத்தி எடுத்துகினு போவாங்களே, ஒரு சட்டகூட இல்லாம போவுதேன்னு. ஒரு கை தைக்க பாக்கி கீது, அதுக்குள்ள நீங்கல்லாம் தூக்கினு பூட்டீங்க."

தூக்கிக்கொண்டு போனவர்களில் முதல் ஆள் நான்தான். சாயங்காலத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று எல்லாரையும் அவசரப்படுத்தியதும் நான்தான்.

"ஏன் சொல்லலே? தெருவே உன்மேல பழி போட்டுச்சே!"

"எல்லாரும் ஏன், எதனாலன்னு கேட்டுகினே இருந்தாங்க. இன்னான்னு சொல்றது? எனக்கே தெரியாது. ஊசிதான்னு ஆனதும் கேக்கறத வுட்டுட்டாங்க. அது போதும்னு இருந்துது."

நான் வாளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிம்மதி வர வேண்டிய நேரம். வரவில்லை. இதுவரைக்கும் ஊசிக்குப் பயந்தால் போதும் என்றிருந்தேன். ஊசி காரணமில்லை என்றால் இனி நான் எதற்குப் பயப்படுவது? எதைத் தொடாமல் இருந்தால் பிள்ளை பிழைக்கும்? அதற்குப் பதில் பாயிடமும் இல்லை, உபதேசியாரிடமும் இல்லை, இவளிடமும் இல்லை. அன்றைக்கு முழுக்க நான் பட்ட பயம் எல்லாம் இந்தப் பயத்துக்கு முன்னால் சும்மா.

ஸ்டெல்லா ஒரு சதுரத்தை எடுத்து மடியில் விரித்தாள். இன்னொன்றை அதன் மேல் வைத்தாள். வேட்டித் துண்டு ஒரு பக்கம் சுருங்கியிருந்தது, புடவைத் துண்டு கோணிக்கொண்டிருந்தது, மேசை விரிப்பு மட்டும் வெட்டிய அளவிலேயே விறைப்பாக இருந்தது. ஓரமெல்லாம் நூல் பிரிந்து தாடி விட்டிருந்தது.

முதல் தடவையாக அவள் முகத்தில் கோபம் வந்தது.

"வெட்டிட்டுத் தொவச்சியா?"

நான் தட்டை எடுத்து வாளியை மூடப் போனேன்.

"எத்தினி வாட்டி சொன்னேன்! ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு மாரி சுருங்கும், மொதல்ல தொவச்சிடுன்னு? எதுக்கெதுக்கோ ஊரெல்லாம் ஓடத் தெரியுது, சொன்ன ஒரு வேலை செய்யத் தெரில! கத்திரியக் குடு இப்படி."

இருப்பதிலேயே சின்னதாகச் சுருங்கிய துண்டை அளவாக வைத்து எல்லாவற்றையும் மறுபடி வெட்டினாள். சணலை ஒரே இழுப்பில் உருவி எறிந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் கதவையும் திறந்திருந்தாள். வெளிச்சத்துக்காக வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, சின்ன ஊசியில் நூல் கோத்து, ஈரம் காயக்கூட விடாமல், தெரு பார்க்கப் பார்க்கத் தைக்க ஆரம்பித்தாள். எதிர் வாசலில் பிலோமினா அக்காள் வாயைத் திறந்தாள், ஸ்டெல்லா நிமிர்ந்து பார்த்தாள், வாய் மூடிக்கொண்டது.

கேட்டு வந்தவர்கள்

இருபது நாள் கழித்துப் பெண் பிறந்தது. ரோஸ் நிற ரஜாயில் கிடந்து அது போட்ட சத்தத்தில் துறைமுகத்துக் கப்பல் சங்கு தோற்றது. அந்த இருபது நாளும் நான் என்னென்ன செய்தேன் என்று எழுதினால் இந்தப் பத்திரிகை என் தொடரை நிறுத்திவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். பிரசவத்தன்று ஆஸ்பத்திரியில், தெரியாமல் பக்கத்து வார்டு வாசலில் மண்டியிட்டு, வேறு யாருக்கோ பிரசவம் நல்லபடி ஆக வேண்டிக்கொண்டேன். ஆயிற்றாம். அந்தக் குடும்பம் ஒரு பன் வாங்கிக் கொடுத்தது.

தெருவுக்குக் காரணம் வேண்டுமே. பிலோமினா அக்காள் கண்டுபிடித்தாள். "மொதல்ல பூந்தது கோணி ஊசி. கெட்டது எல்லாம் அதப் பாத்து பயந்து ஓடிப்பூடிச்சி. அப்பாலே சின்ன ஊசி பூந்தா இன்னா?"

அடுத்த மாதமே அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு துணிமூட்டை.

"நைனா, என் மருமவளுக்கு ஏழாம் மாசம். நீ வந்து ஒரே ஒரு குத்து குத்திக் குடுத்துட்டுப் போ."

நான் இரண்டடி பின்வாங்கினேன். "அய்யோ, நா மாட்டேங்கா! நாளைக்கி ஒண்ணுன்னா என்னைத்தானே..."

உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா திரும்பாமலே சொன்னாள். "போய்ட்டு வாயா. கேட்டு வந்திருக்காங்க."

போனேன். மருமகளுக்கு இருபது வயதுகூட இருக்காது. பேர் ரீட்டா. துணியை இரண்டு கையாலும் பிடித்து என் முன்னால் நீட்டினாள். நான் காலரிலிருந்து ஊசியை எடுத்தேன்.  மாமியாருக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, பயமா கீதுண்ணே."

"எனக்கும்தாம்மா" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பதை இன்று வரை அவளிடம் சொன்னதில்லை.